பீடத்துக்கு முன்னால் சாமியார் கல்லறையா? கோவில் தரைக்கடியில் ரேடார் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பழைய_மணிக்கூண்டு, வியாழன், இரவு 9.12

வணக்கமுங்க. எங்கள் ஊர் அவிநாசிக்கும் சோமனூருக்கும் நடுவில். எங்கள் கத்தோலிக்கக் கோவில் 1850களில் கட்டியது, அப்போது இருந்தவர்கள் பிரான்சிலிருந்து வந்த பாரிஸ் மிஷன் சபைச் சாமியார்கள். இப்போதிருக்கும் மொசைக் தரை 1974ல் போட்டது. அங்கங்கே வெடித்து, பீடத்துக்கு முன்னால் ஓரிடத்தில் இரண்டு விரல்கடை இறங்கியும் விட்டது. பங்குப் பேரவையில் கிரானைட் போடுவதாக முடிவாகி, கொத்தனார் வந்து பார்த்துவிட்டு அரை அடி தோண்டி எடுத்துத்தான் போடணும் என்கிறார்.

சிக்கல் அங்கேதான். பீடத்துக்கு நேர் முன்னால் ஒரு பிரெஞ்சு சாமியாரைப் புதைத்திருக்கிறது, மேலே எழுத்து வெட்டிய கல் இருந்தது, மொசைக் போடும்போது அதோடு சேர்த்து மூடிவிட்டார்கள் என்று என் அப்பாரு சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கொத்தனாரிடம் சொன்னதும் கடப்பாரையைத் திருப்பிப் பிடித்துத் தட்டிக் காட்டினார். சுவர் ஓரமெல்லாம் ணங் ணங் என்கிறது, பீடத்துக்கு முன்னால் மட்டும் பொத்தென்று சத்தம். கூட நின்ற நாலு பேருக்கும் முகமே மாறிப்போச்சு.

ஷேக்ஸ்பியர் கல்லறையை உடைக்காமலே ஏதோ ரேடார் வைத்துப் பார்த்தார்கள் என்று படித்திருக்கிறேன். அது நம்ம ஊர் மண்ணில் வேலை செய்யுமா? எலும்பு தெரியுமா? யாராவது பண்ணியிருக்கிறீர்களா?

ரிக்வண்டி, வியாழன், இரவு 9.40

அண்ணா, நான் திருச்செங்கோடு. 20 வருஷமா போர்வெல் வண்டி ஓட்டுறேன். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருத்தர் இருக்கார், கூட்டிட்டு வரவா, தேங்காய் நட்டுக்கிட்டு நின்னா சாமியார், சாஞ்சா தண்ணி 😀

சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. இந்த ரேடார் வண்டியைக் கோயமுத்தூரில் ரோட்டில் பார்த்திருக்கேன். புல் வெட்டுற மெஷின் மாதிரி தள்ளிட்டுப் போவாங்க. அதில் எலும்பெல்லாம் தெரியுமான்னுதான் எனக்கும் சந்தேகம்.

கேபிள்குழி, வியாழன், இரவு 11.05

அந்தப் புல்வெட்டி வண்டியைத் தள்ளுகிறவன் நான்தான். பாதாளச் சாக்கடைக்கும் கேபிளுக்கும் குழி தோண்டுவதற்கு முன்னால் கீழே என்ன போகிறது என்று பார்த்துக் கொடுப்பது என் வேலை. கோவிலுக்குள் பண்ணியதில்லை. ஆனால் தத்துவம் ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள், எலும்பு தெரியாது. ரேடார் தரைக்குள் ஒரு ரேடியோ அலையைத் தட்டிவிடும். அலை போகும் வழியில் மின் குணம் மாறும் இடமெல்லாம் கொஞ்சம் திரும்பி வரும். எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதை வைத்துத்தான் ஆழம். காய்ந்த மண்ணில் அலை ஒரு நானோ நொடிக்குச் சுமார் 10 செ.மீ. போகும் என்று வையுங்கள். 1 மீட்டர் ஆழத்தில் இருப்பது, போய்விட்டு வர 20 நானோ நொடியில் தெரியும். வெற்றிடம் இருந்தால் பளிச்சென்று தெரியும், செங்கல் கட்டின அறை தெரியும், இரும்பு தெரியும். வெறும் மண்ணில் துணி சுற்றிப் புதைத்த உடம்பு நூறு வருஷம் கழித்து மண்ணோடு மண்தான், அதில் அலைக்கு வித்தியாசமே தெரியாது. அப்புறம் எப்படிக் கல்லறை கண்டுபிடிக்கிறார்கள் என்றால், குழியைப் பார்த்து. ஒருதடவை வெட்டி மூடின மண் சுற்றியிருக்கும் மண் மாதிரி மறுபடி ஆகவே ஆகாது. அடுக்கு கலைந்திருக்கும், ஈரம் வேற மாதிரி இருக்கும். அந்த வெட்டுதான் திரையில் வரும்.

இனி நம்ம மண். கருமண் என்றால் எனக்குப் போன் பண்ண வேண்டாம். ஈரக் களிமண் அலையை அப்படியே குடித்துவிடும், அரை மீட்டர் தாண்டினால் திரையில் பூச்சிதான் பறக்கும். உப்புத் தண்ணியும் அப்படித்தான். நொய்யல் ஓரம் சாயத் தண்ணி ஊறின பூமியில் ஒரு வேலைக்குப் போய் நான் வெறுங்கையோடு வந்தேன். செம்மண், கீழே மொரம்பு (கெட்டிச் சரளை மண்) என்றால் அருமையான இடம். உங்களுடையது எது?

பழைய_மணிக்கூண்டு, வெள்ளி, காலை 6.50

செம்மண்தானுங்க. இரண்டரை மூன்று அடிக்குக் கீழே மொரம்பு, கடப்பாரைக்குத்தான் இறங்கும். சுற்றிலும் உள்ள காடுகளிலும் அதேதான்.

கேபிள்குழி, வெள்ளி, காலை 7.30

அப்போது நல்லதுதான். மொரம்பில் வெட்டின குழி என்றால் ஓரம் கத்தியால் வெட்டினதுபோல் தெரியும். இன்னொரு சௌகரியம், கோவிலுக்குள் இருக்கும் மண் நூறு வருஷமா மழையே பார்த்திருக்காது. தரையும் சமம், சக்கரம் குலுங்காது. அந்த மொசைக்குக்குக் கீழே கம்பி கட்டியிருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். கம்பி வலை நெருக்கமாக இருந்தால் கீழே போக வேண்டிய அலை பாதிக்குமேல் மேலேயே திரும்பிவிடும்.

தாராபுரத்தான், வெள்ளி, காலை 10.15

எல்லாரும் இதை என்னமோ எக்ஸ்ரே மாதிரி பேசுவதால் சொல்கிறேன். இங்கிலாந்தில் மூன்றாம் ரிச்சர்டைத் தேடினார்களே, லெஸ்டர் நகரத்துக் கார் பார்க்கிங்கில், இடிந்துபோன பழைய மடத்துக் கோவில் இருந்த இடம். 2011ல் அங்கே இதே ரேடார் ஓட்டினார்கள். உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை, பைப்பும் இடிபாடும்தான். 2012ல் மண்ணைத் தோண்டின பிறகுதான் ராஜா கிடைத்தார், 2013ல் மரபணு பார்த்து உறுதி செய்தார்கள். எகிப்தில் துட்டன்காமன் கல்லறைச் சுவருக்குப் பின்னால் ரகசிய அறை இருக்கிறது என்று ரேடாரை வைத்துத்தான் 2015ல் உலகத்தையே கூட்டினார்கள், 2018ல் இன்னொரு குழு அதே ரேடாரை ஓட்டிவிட்டு அறையும் இல்லை ஒன்றும் இல்லை என்றது. படத்தைப் பார்க்கிறவன் மனசில் என்ன இருக்கிறதோ அதுதான் படத்திலும் தெரியும். நம்ம ஊர்லயும் இதை வைத்து என்னென்ன

(மட்டுறுத்துநர்: மீதி நான்கு வரியை எடுத்துவிட்டேன். அந்தப் பஞ்சாயத்துக்கு வேறு இழை இருக்கிறது, இங்கே வேண்டாம்.)

சென்னிமலைக்காரி, வெள்ளி, பகல் 1.20

தாராபுரத்தார் சொன்னது பாதி சரி. லெஸ்டரில் மேலே தார், கீழே நகரத்தின் குப்பை கூளம், அங்கே குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கோவிலுக்குள் நிலைமை வேறு. ஷேக்ஸ்பியர் கல்லறையையே எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோலி டிரினிட்டி கோவில், 2016ல் முடிவு வெளியிட்டார்கள். என் எலும்பை அசைக்கிறவன் சாபத்துக்கு ஆளாவான் என்று கல்லில் எழுதியிருப்பதால் யாரும் தொடுவதில்லை, ரேடாருக்கு மட்டும்தான் விட்டார்கள். கல்லறை 1 மீட்டருக்கும் குறைவான ஆழம், பெட்டி வைத்ததற்கு அடையாளம் இல்லை, தலைமாட்டில் மட்டும் மண் கலைந்து பிறகு சரிசெய்த மாதிரி இருக்கிறது என்றார்கள். மண்டை ஓட்டை எவனோ திருடிவிட்டான் என்று பழைய கதை ஒன்று உண்டு, அதோடு பொருந்துகிறது என்றார் ஆய்வாளர். அந்தக் கோவில் சாமியார், இது போதாது, நான் நம்பவில்லை என்றார். எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கும்.

ஸ்பெயின் நாட்டு மத்ரீதில், டான் கிஹோத்தே எழுதின செர்வான்டெஸைத் தேடினது இன்னும் பொருத்தமான உதாரணம். 2014ல் மடத்துக் கோவில் தரையில் ரேடார் ஓட்டி எங்கெங்கே தோண்டலாம் என்று குறித்துக்கொண்டார்கள். 2015ல் தோண்டினதில் பலருடைய எலும்பு ஒன்றாகக் கலந்து கிடந்தது, அதில் அவருடையதும் இருக்கிறது என்று கருதுகிறோம் என்றுதான் அறிவித்தார்கள். இடத்தைக் காட்டினது ரேடார், ஆள் யார் என்று சொன்னது பழைய காகிதம்.

அதனால் பழைய_மணிக்கூண்டு அண்ணாவுக்கு என் யோசனை, மெஷினுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் கோவில் இறப்புப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். கோவாவில் புனித அகுஸ்தீனார் கோவில் இடிபாட்டில் ஜார்ஜியா நாட்டு ராணி கெத்தேவானுடைய எலும்பைத் தேடினார்களே, அங்கே வழி காட்டினது போர்த்துகீசியக் குறிப்பு, எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் என்பதுவரை அதில் எழுதியிருந்தது. 2013ல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகம் மரபணு பார்த்துச் சொன்னது, 2021ல் அதில் ஒரு பகுதியை அந்த நாட்டிடமே கொடுத்துவிட்டார்கள்.

பாரிஸ் மிஷன் சாமியார் என்றால் உங்களுக்கு இன்னும் சுலபம். அந்தச் சபை ஒவ்வொரு சாமியாருக்கும் எங்கே பிறந்தார், எந்த ஊரில் இருந்தார், எங்கே இறந்தார் என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. பாரிஸ் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் வரும்.

ஜெபமாலை_அத்தை, வெள்ளி, மாலை 4.45

எல்லாம் படித்தேன் கண்ணு. தூங்குகிற சாமியாரை எதுக்கு எழுப்பணும்? அவர் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். மேலே கல்லைப் போட்டு மூடுங்கள், ஒரு பூசை வையுங்கள், முடிந்தது.

பழைய_மணிக்கூண்டு, வெள்ளி, மாலை 5.30

அத்தை, எழுப்பாமல் இருக்கத்தான் கேட்கிறேன். கொத்தனார் அரை அடி என்று ஆரம்பித்தால் ஒரு அடியில்தான் நிற்பார், உங்களுக்குத் தெரியாததா?

தாராபுரத்தான், வெள்ளி, இரவு 8.10

இன்னொரு கேள்வி. கோவிலுக்குள் புதைப்பதே சபைச் சட்டப்படி கூடாது என்று கேள்விப்பட்டேனே?

சென்னிமலைக்காரி, வெள்ளி, இரவு 8.55

இப்போதைய 1983 திருச்சபைச் சட்டம் 1242ஆம் பிரிவுப்படி போப்பாண்டவர், கர்தினால், மறைமாவட்ட ஆயர் இவர்களைத் தவிர யாரையும் கோவிலுக்குள் அடக்கம் பண்ணக்கூடாது, ஆயர் என்றாலும் அவருடைய சொந்தக் கோவிலில்தான். 1917 சட்டத்திலேயே இந்தக் கட்டுப்பாடு உண்டு. அதற்கு முன்னால் இவ்வளவு கெடுபிடி இல்லை. அதனால்தான் பழைய கோவில்களின் தரையில் கல்லறைக் கல்லை மிதித்துக்கொண்டு போகிறோம்.

எனக்கு வேறொன்றுதான் உறுத்துகிறது. உள்ளே படுத்திருக்கிற சாமியாருக்குக் கல் இருந்தது, பெயர் இருந்தது, உங்கள் அப்பாருக்கு ஞாபகமும் இருந்தது. வெளியே படுத்திருப்பவர்கள்? 1876–78 தாதுவருஷப் பஞ்சத்தில் கோயமுத்தூர், சேலம் பக்கம் செத்தவர்களுக்கு யார் கல் நட்டார்கள்? அதற்குப் பிறகு பிளேக். கோவையில் பிளேக் மாரியம்மன் என்று சாமிக்குப் பெயர் வைக்கிற அளவுக்கு வந்து போயிருக்கிறது. மெஷினை வரவழைத்தால் பீடத்துக்கு முன்னால் மட்டும் ஓட்டாமல் முழுத் தரையையும் ஓட்டச் சொல்லுங்கள். முடிந்தால் வாசலையும்.

ரிக்வண்டி, வெள்ளி, இரவு 9.30

ஏனுங்க, அந்தப் பொத்துன்னு கேட்ட இடம் சோளக்குழியா இருந்தா? எங்க அப்புச்சி வீட்டு வாசல்ல ஆள் இறங்குற குழி ஒன்னு இருந்துச்சு, கம்பு கொட்டி மண் பூசி மூடுவாங்க. கோவில் கட்டுறதுக்கு முன்னாடி அது யாரோட களமோ, யாருக்குத் தெரியும்?

கேபிள்குழி, வெள்ளி, இரவு 10.20

ஆளிறங்கும் குழி காலியாக இருந்தால் கண்டிப்பாகத் தெரியும். மண் மூடியிருந்தால் வட்டமாக ஒரு வெட்டு மட்டும் வரும். கல்லறை என்றால் நீள்சதுரம்.

மணிக்கூண்டு அண்ணா, பக்கத்து வேலை ஒன்று அடுத்த வாரம் முடிகிறது. திங்கட்கிழமை கோவிலைத் திறந்துவிட முடியுமானால் வருகிறேன். வண்டி வாடகை மட்டும் கொடுங்கள், எனக்குக் கூலி வேண்டாம். கோவிலுக்குள் ஓட்டிப் பார்க்கணும் என்று எனக்கும் ஆசைதான்.

(மட்டுறுத்துநர்: நடுவில் 12 நாள் பேச்சில்லை. இரண்டு விளம்பரப் பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.)

பழைய_மணிக்கூண்டு, புதன், இரவு 10.40

முடிந்ததுங்க. நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் இளைஞர்கள் பெஞ்சையெல்லாம் தூக்கி வெளியே பந்தலில் போட்டார்கள். திங்கள் காலை 7 மணிக்கு நம்ம கேபிள்குழி வந்தார். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன வண்டிதான், 400 மெகா ஹெர்ட்ஸ் பெட்டி ஒன்று, மேலே ஒரு திரை. சாக்பீஸ் நூல் பிடித்து 25 செ.மீ.க்கு ஒரு கோடு, நீளவாக்கில் 29, குறுக்குவாக்கில் 73. நம்ம கோவில் உள்ளே 18 மீட்டருக்கு 7 மீட்டர், கணக்குப் போட்டால் அந்த மனிதர் ஒரு கிலோமீட்டர் நடந்திருக்கிறார். வேடிக்கை பார்க்க வந்தவர்களையெல்லாம் தள்ளி நிற்கச் சொன்னார். அலை பக்கத்தில் நிற்கும் இரும்பில், தூணில், ஏன், கூரையில்கூடப் பட்டுத் திரும்பி, தரைக்கடியில் இருப்பதுபோல் ஏமாற்றுமாம்.

பீடத்துக்கு முன்னால் ஓட்டும்போது உபதேசியார் ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். திரையில் வெள்ளையும் கறுப்புமாக வரி வரியாக ஓடுகிறது, நடுவில் கவிழ்த்த வில் மாதிரி ஒன்று வந்தது. எல்லாரும் சாமியார் சாமியார் என்றோம். அது ஒயர் பைப்பாம், 1974லேயே போட்டது, மைக்குக்கு.

அந்தப் பொத் சத்தம்? மொசைக்குக்கும் கீழே உள்ள செங்கல் ஜல்லிக்கும் நடுவில் கை நுழைகிற சந்து. கறையான். அதற்குக் கீழே கலையாத மண், மொரம்புவரைக்கும். வெட்டே இல்லை. சாமியார் அங்கே இல்லைங்க.

சென்னிமலைக்காரி அம்மணி சொன்ன இணையதளத்தில் அதற்குள் என் மகள் தேடிப் பார்த்துவிட்டாள். அந்தச் சாமியார் உடம்புக்கு முடியாமல் நீலகிரிக்குப் போனவர், அங்கேயே இறந்து அங்கேயே அடக்கம். நம்ம ஊரில் இருந்தது அவருக்கு வைத்த நினைவுக் கல்லாகத்தான் இருக்கணும். அப்பாரு கல்லைப் பார்த்தது நிஜம், கல்லறைதான் அவர் சேர்த்துக்கொண்டது.

ஆனால் மத்தியானம் வாசல் பக்கம் ஓட்டும்போது கேபிள்குழி பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே கோட்டை மூன்று தடவை ஓட்டினார். வாசலிலிருந்து நாலரை மீட்டர் உள்ளே, கோவிலின் அகலம் முழுக்கக் குறுக்கே ஒரு அஸ்திவாரம் போகிறது. அதாவது பழைய முன்சுவர் அங்கே இருந்திருக்கிறது. சாயங்காலம் பழைய கணக்கு நோட்டைப் புரட்டினோம், 1893ல் கோவிலை முன்னால் நீட்டியதற்குச் செங்கல், சுண்ணாம்பு, கூலி என்று இரண்டு பக்கம் இருக்கிறது. அந்தப் பழைய சுவருக்கு வெளியே, இப்போதைய வாசலுக்கு உள்ளே, மொரம்பை வெட்டின குழி ஐந்து. எல்லாம் கிழக்கு மேற்காக. அதில் இரண்டு குழி ஓர் ஆள் நீளம். மற்ற மூன்றும் 90 செ.மீ.தான்.

குழந்தைகளா என்று கேட்டேன். அவர், அப்படி எழுதித் தர மாட்டேன், 90 செ.மீ. நீளமுள்ள வெட்டு என்றுதான் எழுதுவேன் என்றார்.

கேபிள்குழி, புதன், இரவு 11.15

ஆமாம், அதற்குமேல் சொல்லக்கூடாது. என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான், அந்த வெட்டுகள் நீட்டின பகுதியின் தரைக்கு முந்தினவை, மேலே உள்ள ஜல்லி அவற்றின்மேல் உடையாமல் ஓடுகிறது. 1893க்கு முன்னால் அது முற்றம், வானம் பார்த்த இடம்.

தாராபுரத்தான், வியாழன், காலை 7.05

மரம் நட்ட குழியாகவும் இருக்கலாமே?

கேபிள்குழி, வியாழன், காலை 7.20

ஐந்து மரம், ஐந்தும் ஒரே திசையில் நீள்சதுரக் குழியில் நட்டிருந்தால் இருக்கலாம் 🙂

சென்னிமலைக்காரி, வியாழன், காலை 8.40

பதிவேடு பார்த்தீர்களா?

பழைய_மணிக்கூண்டு, வியாழன், இரவு 9.00

பார்த்தோம். எல்லாம் லத்தீன். ஓய்வுபெற்ற சாமியார் ஒருத்தர் மத்தியானம் வந்து உட்கார்ந்து வாசித்தார். 1876 வரைக்கும் வருஷத்துக்கு ஒன்றரைப் பக்கம். 1877 மட்டும் 11 பக்கம். வரிக்கு வரி ஒரே வார்த்தை வந்துகொண்டே இருந்தது, இன்ஃபான்ஸ், இன்ஃபான்ஸ் என்று. குழந்தை என்று அர்த்தமாம். சில வரியில் பெயரே இல்லை, அப்பன் பெயர் மட்டும். எந்த இடத்தில் அடக்கம் என்று ஒன்றிலும் எழுதவில்லை, அதனால் தரையில் இருக்கிற ஐந்து பேர் அதில் எந்த ஐந்து என்று கேட்டால், தெரியாது. அந்தப் பெயர்களில் இரண்டு வீட்டுப் பெயர் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறது.

ஜெபமாலை_அத்தை, வியாழன், இரவு 9.25

பஞ்சத்தில் செத்த பிள்ளைகளா கண்ணு. அந்த இடத்தில்தான் நான் 50 வருஷமா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிறேன்.

ரிக்வண்டி, வியாழன், இரவு 9.31

தேங்காய்னு சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிறேங்ணா.

தாராபுரத்தான், வியாழன், இரவு 10.00

சரி, கிரானைட் என்ன ஆச்சு?

பழைய_மணிக்கூண்டு, வியாழன், இரவு 10.30

போடுகிறோம். பீடத்துப் பக்கம் அந்தச் சந்து உள்ள இடத்தை உடைத்து எடுத்து, கறையானுக்கு மருந்து அடித்து ஜல்லி போட்டு நிரப்புவது. முன் நாலரை மீட்டரில் மொசைக்கை மட்டும் பெயர்த்து எடுத்துவிட்டு அதே மட்டத்தில் கல்லை ஒட்டுவது, கடப்பாரை இறங்கக்கூடாது என்று பேரவையில் எழுதிக் கையெழுத்து வாங்கியாச்சு. கல் அரை அங்குலம் உயர்ந்து நிற்கும், வாசற்படி இடிக்கும் என்று கொத்தனார் சத்தம் போட்டார். படியைச் செதுக்கச் சொல்லிவிட்டோம்.

செருப்பு விடும் இடத்தை மணிக்கூண்டுப் பக்கம் மாற்றியிருக்கிறது. அதற்கும் இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள், வெயிலாம்.

சென்னிமலைக்காரி, வியாழன், இரவு 10.50

ரேடார் வரைபடத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்? இன்னும் 50 வருஷம் கழித்து யாரோ ஒருத்தர் கடப்பாரையைத் திருப்பிப் பிடித்துத் தட்டுவார்.

பழைய_மணிக்கூண்டு, வெள்ளி, காலை 6.15

பதிவேட்டிலேயே ஒட்டிவிடலாம் என்றேன், பழைய தாள், பசை ஆகாது என்று சாமியார் விடவில்லை. வாசலிலிருந்து எத்தனை அடி, சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளவு போட்டு ஒரு கவரில் வைத்து, 1877ஆம் வருஷப் பக்கங்களுக்கு நடுவில் செருகியிருக்கிறது. கவர் மேலே என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதியிருக்கிறேன்.